தம்பியின் ரத்தப் பரிசோதனை: எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் தம்பிக்கு 36 வயது. மனச்சிதைவு நோய்க்கு 12 ஆண்டுகளாகச் சிகிச்சை எடுத்துவருகிறான். முதலில் கொடுத்த ரிஸ்பெரிடோன் சரிப்பட்டு வரவில்லை. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆறு ஆண்டுகளாக இரவில் ஓலான்சபின் 20 மி.கி. சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. எங்களோடு உட்கார்ந்து பேசுகிறான், கடைக்குப் போய்வருகிறான். மற்ற நேரம் எதிலும் நாட்டமில்லாமல் படுத்திருக்கிறான். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ இல்லை. ஆனால் இந்த மாத்திரையைத் தொடங்கும்போது 62 கிலோ இருந்தவன் இப்போது 89 கிலோ. உயரம் 168 செ.மீ. இரவு 12 மணிக்கு எழுந்து பானையில் இருக்கும் சோற்றைச் சாப்பிட்டுவிடுகிறான், அப்பா திட்டுகிறார். நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். அசைவம் சாப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. போன மாதம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்தில் முழு உடல் பரிசோதனை செய்தோம். ஹை சென்சிட்டிவிட்டி சி.ஆர்.பி. 5.4 என்று வந்து, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘இதய நோய் அபாயம் அதிகம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஹோமோசிஸ்டீன் 22 என்பதும் சிவப்பில் இருக்கிறது. மாத்திரைதான் காரணம், நிறுத்திவிடலாம் என்கிறார் அப்பா. நிறுத்தலாமா? ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டுமா? இதையெல்லாம் தம்பியிடம் சொல்லலாமா? முழு அறிக்கையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்று இரவும் வழக்கம்போலக் கொடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்; இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். தற்கொலையே இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் ஒரு பங்கு உண்டு என்றாலும், பெரும்பங்கு உடல்நோய்களுடையது. அவற்றில் முன்னால் நிற்பது இதய, ரத்தக்குழாய் நோய். மனநல மருத்துவர்களான நாங்கள் நோயாளியின் பேச்சு தெளிந்துவிட்டது, தூக்கம் வந்துவிட்டது என்பதோடு திருப்திப்பட்டுக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு டேப் வைத்து அளக்காமல் பல ஆண்டுகள் இருந்துவிட்டோம். உங்கள் தம்பியின் வயிற்றுச் சுற்றளவை யாராவது எப்போதாவது அளந்திருக்கிறார்களா என்று அவருடைய சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் இல்லை.

ஆனாலும் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பின்லாந்தில் 66,881 நோயாளிகளை 1996 முதல் 2006 வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். எடையை அதிகம் ஏற்றும் மருந்துகளில் ஒன்றான க்ளோசாபைன் எடுத்தவர்களிடையேதான் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. மருந்தே எடுக்காதவர்களிடையே அதிகமாக இருந்தது. அந்த ஆய்வின் முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதே நாட்டில் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியான இன்னொரு ஆய்வும் அதே திசையைத்தான் காட்டியது. மருந்து எடுத்தவர்களிடையே இதய நோயால் ஏற்பட்ட இறப்பும் கூடவில்லை. மாத்திரை எடையை ஏற்றுகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நோய் கட்டுக்குள் இருக்கும் மனிதர் வேளைக்குச் சாப்பிடுகிறார், மருத்துவரிடம் வருகிறார், ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார். நோய் முற்றியவரிடம் இவை எதையும் எதிர்பார்க்க முடியாது. இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய்வந்த ஒருவருக்கு, ஆறு ஆண்டுகள் நிலையாக வைத்திருக்கும் மருந்தை வீட்டில் முடிவெடுத்து நிறுத்துவது பேராபத்து.

இனி அறிக்கைக்கு வருகிறேன். சிவப்பு எழுத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுக் கறுப்பில் இருக்கும் எண்களைப் பாருங்கள். ரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 268. நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். 32. மொத்தக் கொலஸ்ட்ரால் 212. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. வீட்டில் பார்த்த ரத்த அழுத்தம் 138/88 என்று கடைசியில் பேனாவால் குறித்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. வயிற்றுச் சுற்றளவு 106 செ.மீ. என்று நான் கேட்ட பிறகு அளந்து அனுப்பினீர்கள். எனக்குக் கவலை தருவது இவைதாம். நம் இந்திய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், பெண்களுக்கு 80. ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழ், ஆண்களுக்கு ஹெச்.டி.எல். 40க்கு மேல், ரத்த அழுத்தம் 130/85க்குக் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழ். இந்த ஐந்தில் மூன்று தவறினாலே வளர்சிதை மாற்றக் கோளாறு என்று மருத்துவம் பெயர் வைக்கிறது. தம்பிக்கு ஐந்தும் தவறியிருக்கின்றன. பரிசோதனைக்கூடத்தின் கணினி இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பார்த்து, எல்லை தாண்டினால் வண்ணம் பூசுகிறது. 6.1 என்ற ஹெச்பிஏ1சிக்கு ‘எல்லைக்கோடு’ என்று மென்மையாக ஒரு சொல் போட்டிருக்கிறார்கள். 36 வயதில், இந்த வயிற்றோடு, இந்த மாத்திரையோடு, அது சர்க்கரை நோயின் வாசற்படி.

இவற்றில் சிலவற்றைப் பற்றி எனக்குச் சிறு சந்தேகம் உண்டு. காலை 7 மணிக்கு ரத்தம் எடுத்ததாக அறிக்கையில் இருக்கிறது. இரவு 12 மணிக்கு எழுந்து சோறு சாப்பிடுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் இரவும் சாப்பிட்டிருந்தால் அது வெறும் வயிற்று ரத்தம் ஆகாது. ஓலான்சபின் எடுப்பவர்களிடம் இதை நான் மறக்காமல் கேட்பது வழக்கம், ஏனென்றால் வீட்டாருக்கே தெரியாமல் நடக்கும். கடைசியாகச் சாப்பிட்டது எட்டு மணிநேரத்துக்குள் இருந்தால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் கூடுதலாகத் தெரியலாம். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 126 என்று போட்டிருப்பதும் நேரடியாக அளந்தது இல்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிட்டது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற அந்தக் கணக்கு பிசகும். ஆகவே இரண்டு எண்களை நம்புங்கள். ஒன்று ஹெச்பிஏ1சி, அதற்குப் பட்டினி தேவையில்லை. இன்னொன்று, மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் வரும் எண்: 212இல் 32 போனால் 180. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாக் கொழுப்புத் துகள்களும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன; சாப்பிட்டிருந்தாலும் இது பெரிதாக மாறாது. தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை, ஒரு கழித்தல் கணக்கு போதும். 130க்குக் கீழ் இருக்க வேண்டியது 180 இருக்கிறது. அறிக்கை முழுவதிலும் நான் அடிக்கோடிட்ட எண் இதுதான். அது அச்சில்கூட இல்லை.

இப்போது அந்தச் சிவப்பு சி.ஆர்.பி. 1930இல் நியூயார்க்கில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட புரதம் இது. உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் இதைச் சுரந்து ரத்தத்தில் விடும். நுண்ணிய அளவுகளையும் அளக்கும் முறை வந்த பிறகு, 1க்குக் கீழ் என்றால் இதய அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று வகைப்படுத்தினார்கள். அந்த வகைப்பாடு பொய்யில்லை. ஆனால் தெருநாய் குரைத்தால் யாரோ வருகிறார்கள் என்றுதான் தெரியும். திருடனா தபால்காரரா என்று தெரியாது. சி.ஆர்.பி.யும் அப்படித்தான். சளி, காய்ச்சல், ஈறு வீக்கம், காலில் ஆறாத புண், சிகரெட் என எதற்கும் அது உயரும். எல்லாவற்றையும்விட, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஒரு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை; அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை இரவும் பகலும் சுரந்துகொண்டிருக்கிறது. 106 செ.மீ. வயிறும் ஒரு பாக்கெட் சிகரெட்டும் உள்ளவருக்கு சி.ஆர்.பி. 5.4 வந்ததில் வியப்பில்லை. மனச்சிதைவு உள்ளவர்களிடம், பருமன் இல்லாவிட்டாலும்கூட, இது சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சி.ஆர்.பி.யே ரத்தக்குழாயைக் கெடுக்கிறதா, கெடுக்கும் வேறொன்றின் அறிகுறியா என்று மருத்துவ உலகில் நெடுநாள் வாதம் நடந்தது. பிறவியிலேயே இதைக் கூடுதலாகச் சுரக்கும் மரபணு உள்ளவர்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வரவில்லை. ஆகவே இதைக் குறைக்க என்று தனி மருந்து தேட வேண்டாம். எடை குறைந்து சிகரெட் நின்றால் இதுவும் இறங்கும். உடம்புக்கு எதுவும் இல்லாத ஒரு சமயம் பார்த்து, குறைந்தது இரண்டு வாரம் கழித்து, விரும்பினால் இன்னொரு முறை எடுக்கலாம். 10க்கு மேல் போனால் இதயத்தைப் பற்றி யோசிக்கும் முன் எங்கே தொற்று இருக்கிறது என்று தேட வேண்டும். அவருடைய பல்லை ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பேன். மனச்சிதைவு உள்ளவர்களின் வாய்க்குள் யாரும் பார்ப்பதில்லை.

இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்காக இடையில் ஒரு குறிப்பு. க்ளோசாபைன் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு, குறிப்பாக முதல் ஒரு மாதத்தில், சி.ஆர்.பி.க்கு முற்றிலும் வேறு அர்த்தம் உண்டு. அந்த மருந்து அரிதாக இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு என்று ஏதாவது இருந்து, சி.ஆர்.பி. 100ஐத் தாண்டினால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். வாராவாரம் எடுக்கும் வெள்ளணு எண்ணிக்கையோடு இதையும் எடுக்கச் சொல்கிறோம் என்றால் காரணம் இதுதான்.

ஹோமோசிஸ்டீன் 22 என்பது வேறு கதை. இது ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். 15ஐத் தாண்டினால் அதிகம். அசைவம் இல்லாத வீட்டில் இந்த எண் உயர்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வைட்டமின் பி12 குறைபாடு. சிகரெட்டும் இதை ஏற்றும். வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்று ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் எண் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. ஆகவே இதயத்துக்காக இதைத் துரத்த வேண்டாம். ஆனால் பி12ஐக் கட்டாயம் பாருங்கள். அது குறைந்தால் கால் மரத்துப்போகும், நினைவு மங்கும், மனமும் சோர்ந்துபோகும். தம்பி எதிலும் நாட்டமில்லாமல் படுத்திருக்கிறான் என்று நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்வது எளிது. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஒருவகைத் துகளான லிப்போபுரோட்டீன் ஏ 18 மி.கி. என்பது நல்ல செய்தி. இது பிறவியோடு வரும் எண், 50ஐத் தாண்டினால் பரம்பரை அபாயம். வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். அடுத்த பேக்கேஜில் மறுபடியும் இதற்குப் பணம் கட்டாதீர்கள். கல்லீரல் எண் சற்று உயர்ந்திருப்பது பெரும்பாலும் கல்லீரலில் கொழுப்பு படிந்ததால் இருக்கும். ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம்.

ஆஞ்சியோகிராம் இப்போது வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அறிகுறி இல்லாதவருக்கு ரத்த எண்களை மட்டும் வைத்துக் குழாய் விட்டுப் பார்ப்பது மருத்துவமாகாது. ஒரு இ.சி.ஜி. போதும், மாத்திரை இதயத்தின் மின்னோட்டத்தில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறதா என்று பார்க்கவும் அது உதவும். அதோடு ஒன்றை மனத்தில் வையுங்கள். மனச்சிதைவு உள்ளவர்கள் சிலர் வலியை மற்றவர்கள்போல் சொல்வதில்லை. சொன்னாலும், ‘இவருக்கு மனநோய்தானே’ என்று அவசரப் பிரிவில் ஒதுக்கிவிடுகிற வழக்கம் எல்லா நாடுகளிலும் இருக்கிறது. மாரடைப்பு வந்த பிறகுகூட இவர்களுக்கு அடைப்பு நீக்கும் சிகிச்சை மற்றவர்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்று அமெரிக்காவில் 2000இலேயே எழுதிவிட்டார்கள். திடீரென்று வியர்த்துக் கொட்டினாலோ, தாடை அல்லது இடது கை வலி என்றாலோ, ‘நெஞ்சில் ஏதோ பண்ணுகிறது’ என்று சொன்னாலோ 108ஐ அழையுங்கள், மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கும்வரை அங்கிருந்து நகராதீர்கள். உடல்நோயாளிக்கு இணையாக மனநோயாளியையும் நடத்த வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உள்ள உரிமை. அதை நீங்கள் அங்கே எடுத்துச் சொல்லலாம்.

என்ன செய்யலாம்? முதலில் அந்த நள்ளிரவுச் சோறு. ஓலான்சபின் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேதிப்பொருள்களின் செய்தியை வாங்கும் ஏற்பிகள் சிலவற்றை அடைக்கிறது. ‘போதும்’ என்ற உணர்வு வரும் வழி அது. அந்த வழி அடைபட்டவருக்கு வயிறு நிறைந்தாலும் பசி நிற்பதில்லை. என்னிடம் வரும் ஓர் இளைஞர், “சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதே மறுபடியும் பசிக்கிறது டாக்டர்” என்றார். இது பெருந்தீனி இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். திட்டு வாங்கிய மனிதர் மறைந்து சாப்பிடத் தொடங்குவார், அது இன்னும் மோசம். பானையை மூடிப் பூட்டு போடுவதற்குப் பதில், இரவில் கைக்கு எட்டுகிற இடத்தில் வேறொன்றை வையுங்கள்: ஒரு கிண்ணம் சுண்டல், வெள்ளரிக்காய், ஒரு செம்பு மோர். மிஞ்சும் சோற்றின் அளவைக் குறைத்துச் சமையுங்கள். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும், இரவு 11 மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து தேநீர். நாளுக்கு எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. சிகரெட் பிடிப்பவர் என்பதால் நானே ஆறு என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் நாளுக்கு ஏறக்குறைய 50 கிராம், சோற்றுக்கும் பலகாரத்துக்கும் முன்பாகவே. கைநடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை வாயை உலர்த்தும். அந்தத் தாகத்துக்குக் குளிர்பானம் குடிப்பவர்கள் உண்டு. ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் எண்ணெயைவிட இந்தச் சர்க்கரைக்கும் மூன்று வேளை வெள்ளைச் சோற்றுக்கும் பங்கு பெரிது. எண்ணெயைக் குறைத்துவிட்டோம் என்று நிம்மதியடைந்துவிடாதீர்கள். தட்டில் சோறு பாதியாகவும், காய், பருப்பு, பயறு மறுபாதியாகவும் இருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் அதே தட்டுதான் இருக்க வேண்டும். அவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றால் ஒரு வாரம்கூட நிற்காது.

சிகரெட்டை நிறுத்துவதுதான் இதயத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை. ஆனால் ஓலான்சபின், க்ளோசாபைன் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. புகையில் உள்ள தார் கல்லீரலை முடுக்கி இந்த மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடுகிறது. புகை நின்றதும் அதே 20 மி.கி. உடலில் கூடுதலாகத் தங்கும். தூக்கமும் தள்ளாட்டமும் வரும். க்ளோசாபைனில் இது வலிப்பு வரை போகலாம். மருந்தளவைக் குறைத்துச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். நிக்கோட்டின் சூயிங்கம் பயன்படுத்தலாம். மருந்தைக் கரைப்பது நிக்கோட்டின் இல்லை, புகை.

நடை பற்றி எல்லோரும் சொல்வார்கள். ‘நடந்தால் என்ன, சும்மாதானே கிடக்கிறான்’ என்ற சொல்லைத்தான் நான் கேட்க விரும்பவில்லை. எழுந்து ஒன்றைத் தொடங்கும் உந்துதலே வற்றிப்போவது இந்த நோயின் ஓர் அறிகுறி. போ என்றால் போக மாட்டார்; வா என்றால் வரலாம். நீங்களோ அப்பாவோ கூட நடங்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில், கடுமையான மனநோயும் அதிக எடையும் உள்ள 291 பேரிடம் ஒரு சோதனை செய்து 2013இல் வெளியிட்டார்கள். கூட்டமாக உடற்பயிற்சி, எளிய உணவு அறிவுரை, 18 மாதம். அறிவுரை பெற்றவர்களின் எடை மற்றவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ கூடுதலாகக் குறைந்தது. சின்ன எண் என்று தோன்றும். ஆனால் எடைக் குறைப்பில் சாதாரணமாக முதல் ஆறு மாதம் இறங்கிப் பிறகு ஏறிவிடும். இவர்களுக்கு மெதுவாகத் தொடங்கி, கடைசி வரை இறங்கிக்கொண்டே போனது. இவர்களால் முடியாது என்று கைவிட்ட மருத்துவர்களுக்கு அது ஒரு பாடம்.

மருந்தில் என்ன வழி என்று உங்கள் மனநல மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எடை ஏற்றாத மருந்துக்கு, உதாரணமாக அரிப்பிப்ரசோலுக்கு, மெதுவாக மாற்ற முடியுமா? உங்கள் தம்பியின் பழைய வரலாற்றைப் பார்த்தால் நான் தயங்குவேன். ஆனால் அவரை நேரில் பார்ப்பவருக்குத்தான் தெரியும். இரண்டாவது, மெட்ஃபார்மின் சேர்க்கலாமா? இதைத் தயங்காமல் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கும் அதே மலிவான மாத்திரை. மருந்தால் எடை கூடிய 128 மனச்சிதைவு நோயாளிகளிடம் சீனாவில் 12 வாரம் கொடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். உணவு, நடையோடு மெட்ஃபார்மினும் சேர்ந்தபோது எடை மிக நன்றாக இறங்கியது, உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத ‘இன்சுலின் எதிர்ப்பும்’ குறைந்தது. சராசரியாக மூன்று கிலோ அளவில்தான் பலன் இருக்கும், 62 கிலோவுக்குத் திரும்புவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். 89இல் ஐந்து சதவீதம், அதாவது நாலரைக் கிலோ குறைந்தாலே ட்ரைகிளிசரைடும் ரத்த அழுத்தமும் அசையும். தொடக்கத்தில் வயிறு கலங்கும், உணவோடு கொடுத்தால் தணியும். சிறுநீரகத்தைச் சோதித்த பிறகே தொடங்க வேண்டும். இந்த மாத்திரையே பி12ஐக் குறைக்கக்கூடியது என்பதால், அதை முன்கூட்டியே பார்ப்பது இரட்டை அவசியம். பசியைக் குறைக்க ஊசியாகப் போடும் லிராக்ளுடைடு இன்னும் நன்றாக வேலை செய்கிறது. டென்மார்க்கில் ஓலான்சபின், க்ளோசாபைன் எடுத்தவர்களிடம் 16 வாரத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் தெரிந்தது. விலை நம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தாங்காது என்பதால் அதை முதலில் சொல்லவில்லை.

மூன்றாவது கேள்வி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. வயது 36 என்பதால், இதய நோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் வழக்கமான அபாயக் கணக்கீட்டில் இவருக்குக் குறைந்த எண்தான் வரும். பல கணக்கீடுகளில் மனச்சிதைவும் அதன் மருந்தும் சேர்க்கப்படுவதே இல்லை. இங்கிலாந்தில் 2017இல் திருத்திய கணக்கீடு இரண்டையும் சேர்த்துக்கொண்டது, அதுதான் சரி. மூன்று மாதம் உணவு, நடை, மெட்ஃபார்மினுக்குப் பிறகும் அந்த 180 இறங்காவிட்டால் நான் ஸ்டாட்டின் கொடுக்கவே விரும்புவேன். மனநோய் இருப்பதால் அது வேலை செய்யாமல் போகாது.

மருத்துவர் நேரம் ஒதுக்கவில்லை என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதும் அவற்றுக்கான மாத்திரைகளும் அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அப்பாவுக்கு அழுத்தம் பார்க்கும்போது, தம்பிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் இவர்களை உள்ளறையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

தம்பியிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், அவருடைய உடம்பு, அவருடைய ரத்தம். ‘உனக்கு இதய நோய் வரப்போகிறது’ என்று சொல்ல வேண்டாம். ‘மாத்திரை உனக்குப் பசியைத் தூண்டுகிறது, அதனால் வயிறும் கொழுப்பும் ஏறியிருக்கிறது, அதற்கும் ஒரு மாத்திரை இருக்கிறதாம், டாக்டரிடம் கேட்போம்’ என்று சொல்லுங்கள். குற்றம் அவர் தலையில் இல்லை என்று தெரிந்தாலே பலர் ஒத்துழைக்கிறார்கள். எடையை வாரம் ஒரு நாள் அவரே பார்த்து ஒரு நாட்காட்டியில் எழுதட்டும். வயிற்றுச் சுற்றளவை மாதம் ஒரு முறை, தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட பிறகு அளந்து பாருங்கள். 12 வாரம் கழித்துச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொழுப்பு ஆகிய மூன்றை மட்டும், உண்மையான வெறும் வயிற்றில் எடுத்து அனுப்புங்கள். பி12ஐ இந்த வாரமே எடுத்துவிடுங்கள். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் இந்த ஆண்டு மறுபடியும் வேண்டாம்.